அடுப்படியில் அலுத்துப்போனவர்களுக்கு: விசுவாசத்தில் தெம்பு தேடத் தொடங்குவது எப்படி?

வீட்டு வேலையில் களைத்துப்போய்விட்டேன் என்று ஒரு பெண் சபையில் யாரிடமாவது வாய்விட்டுச் சொன்னால், "ஜெபம் பண்ணும்மா, ஆண்டவர் பெலன் தருவார்" என்ற பதில் உடனே வந்துவிடும். தப்பான பதில் இல்லை. ஆனால் எப்போது ஜெபிப்பது, எதை வாசிப்பது, இடுப்பில் பிள்ளையும் அடுப்பில் பாலும் இருக்கும்போது எங்கிருந்து தொடங்குவது என்று யாரும் கூடவே சொல்லித் தருவதில்லை. இந்தக் கட்டுரை அதற்காகத்தான். புதிதாகக் கல்யாணமாகி வந்தவர்கள், பிள்ளைக்காக வேலையை விட்டவர்கள், வேலைக்கும் போய்க்கொண்டு வீட்டையும் பார்ப்பவர்கள், அண்மையில்தான் விசுவாசத்துக்குள் வந்தவர்கள் என்று எல்லாரையும் மனதில் வைத்து எழுதுகிறேன்.

முதலிலேயே ஒன்று. உங்கள் களைப்பு விசுவாசக் குறைவின் அடையாளம் கிடையாது. மத்திய அரசின் புள்ளியியல் அலுவலகம் 2019-ல் எடுத்த நேரப் பயன்பாட்டுக் கணக்கெடுப்பைப் பாருங்கள். வீட்டு வேலை செய்கிற பெண்கள் அதற்கு ஒரு நாளில் சராசரியாக 299 நிமிடம் கொடுக்கிறார்கள், ஆண்கள் 97 நிமிடம். பிள்ளைகளையும் வயதானவர்களையும் பார்த்துக்கொள்ளும் நேரம் இதில் சேராது, அது தனிக்கணக்கு. கிட்டத்தட்ட ஐந்து மணி நேரம், லீவே கிடையாது. களைக்காமல் இருந்தால்தான் ஆச்சரியம்.

வேதம் களைத்தவர்களைப் பார்த்து "இன்னும் கொஞ்சம் முயற்சி செய்" என்று பேச்சைத் தொடங்குவதில்லை. சாப்பிடு, தூங்கு, மனதில் இருப்பதைச் சொல், பாரத்தைப் பகிர்ந்துகொள் என்றுதான் அது பல இடங்களில் பேசுகிறது. நாமும் அதே வரிசையில் போகலாம். (வசனங்களைப் பழைய மொழிபெயர்ப்பிலிருந்து தருகிறேன். கத்தோலிக்கர்கள் திருவிவிலியத்தில் அதே அதிகாரத்தையும் வசன எண்ணையும் பார்த்துக்கொள்ளலாம்.)

1. உடம்பிலிருந்து தொடங்குங்கள்

1 இராஜாக்கள் 19-ஆம் அதிகாரத்தைத் திறந்து முதல் எட்டு வசனங்களை மட்டும் வாசியுங்கள். கர்மேல் மலையில் அவ்வளவு பெரிய வெற்றியைப் பார்த்த தீர்க்கதரிசி எலியா, ராணி யேசபேலின் மிரட்டலுக்குப் பயந்து ஓடி, வனாந்தரத்தில் ஒரு சூரைச்செடியின் கீழே உட்கார்ந்து "போதும் கர்த்தாவே" என்கிறார். செத்துப்போனால் தேவலை என்கிற நிலை. அங்கே வந்த தூதன் பிரசங்கம் பண்ணவில்லை, விசுவாசம் எங்கே போயிற்று என்று கேட்கவில்லை. தட்டி எழுப்பி, "எழுந்திருந்து போஜனம்பண்ணு" என்றான். தலைமாட்டில் தழலில் சுடப்பட்ட அடையும் ஒரு பாத்திரத்தில் தண்ணீரும் இருந்தன. எலியா சாப்பிட்டார், மறுபடியும் படுத்துக்கொண்டார். தூதன் திரும்ப வந்து இன்னொரு தடவை எழுப்பிச் சாப்பிட வைத்தான். கர்த்தர் மெல்லிய சத்தத்தில் பேசியதெல்லாம் அதற்கு நாற்பது நாள் கழித்து, ஓரேப் மலையில்.

ஆகவே முதல் வாரத்துக்கு உங்களுக்கான ஆவிக்குரிய பயிற்சி இதுதான்: காலை டிபனை உட்கார்ந்து, சூடாகச் சாப்பிடுவது. எல்லாருக்கும் தோசை ஊற்றிக் கொடுத்து, டப்பா கட்டி, வேன் ஏற்றி அனுப்பிவிட்டு, பதினோரு மணிக்கு ஓரம் காய்ந்துபோன தோசையைச் சிங்க் பக்கத்தில் நின்றபடியே பிய்த்து வாயில் போடுவது நம் வீடுகளில் ஒரு தியாகம் மாதிரியே நடக்கிறது. அதைக் கர்த்தர் கேட்கவில்லை. தட்டை எடுத்து வைத்து உட்காருங்கள், ஸ்தோத்திரம் சொல்லிவிட்டுச் சாப்பிடுங்கள். வேறு எதுவும் இந்த வாரம் வேண்டாம்.

அடுத்தது தூக்கம். சங்கீதம் 127:2 இப்படிச் சொல்கிறது: "நீங்கள் அதிகாலையில் எழுந்து, நேரப்பட வேலையிலே தரித்து, வருத்தத்தின் அப்பத்தைச் சாப்பிடுகிறதும் விருதா, அவரே தமக்குப் பிரியமானவனுக்கு நித்திரை அளிக்கிறார்." ராத்திரி பத்தரை மணிக்கு அடுப்பு மேடையைத் துடைத்தே தீர வேண்டும் என்று நிற்கும்போது இந்த வசனத்தை நினைத்துக்கொள்ளுங்கள். மேடை காலையிலும் அங்கேதான் இருக்கும்.

அப்புறம் ஒரு ரத்தப் பரிசோதனை. 2019-21 தேசியக் குடும்பநலக் கணக்கெடுப்பின்படி, தமிழ்நாட்டில் 15 முதல் 49 வயதுப் பெண்களில் 53.4 சதவீதம் பேருக்கு ரத்தசோகை. இரண்டு பேரில் ஒருவருக்கு மேல். மாடிப்படி ஏறினால் மூச்சு வாங்குகிறது, எழுந்ததிலிருந்தே அசதி, எதற்கெடுத்தாலும் எரிச்சல் என்றால், ஹீமோகுளோபினையும் தைராய்டையும் ஒருமுறை பார்த்துவிடுங்கள். ஆரம்ப சுகாதார நிலையத்தில் கேட்டாலே வழி சொல்வார்கள். இரும்புச்சத்து மாத்திரை செய்ய வேண்டிய வேலையை உபவாசம் செய்யாது.

மனச்சோர்வுக்கும் இதே பேச்சுத்தான். இரண்டு வாரத்துக்கு மேலாக எதிலும் பிடிப்பு இல்லை, காரணமில்லாமல் அழுகை வருகிறது, பிரசவத்துக்குப் பிறகு குழந்தையைப் பார்த்தாலே பயமாக இருக்கிறது என்றால் மருத்துவரைப் பாருங்கள். செத்துவிடலாம் என்ற எண்ணம் வந்தால் ஒரு நாள்கூடத் தள்ளிப்போட வேண்டாம். டெலி மானஸ் என்ற அரசு உதவி எண் 14416. கட்டணம் இல்லை, தமிழில் பேசலாம். "விசுவாசிக்கு எதற்கு டாக்டர்" என்று யாராவது சொன்னால், பவுல் கொலோசெயர் 4:14-ல் "பிரியமான வைத்தியனாகிய லூக்கா" என்று எழுதியிருப்பதைக் காட்டுங்கள்.

2. குறையைக் குறையாகவே சொல்லுங்கள்

ஜெபம் என்றாலே "துதிக்கிறோம் சுவாமி" என்று தொடங்கி அழகான வார்த்தைகளில் முடிய வேண்டும் என்று நாம் பழகிவிட்டோம். சங்கீதம் 13-ஐ வாசித்துப் பாருங்கள், மொத்தமே ஆறு வசனம். "கர்த்தாவே, எதுவரைக்கும் என்னை மறந்திருப்பீர்" என்று சண்டைக்கு நிற்பதுபோலத் தொடங்குகிறது. அதையும் ஜெபமாகத்தான் வேதத்தில் வைத்திருக்கிறார்கள்.

மார்த்தாளும் அப்படித்தான். லூக்கா 10-ல் அவள், தன் வீட்டுக்கு வந்திருந்த இயேசுவிடம் நேராக வந்து, நான் தனியே வேலைசெய்யும்படி என் சகோதரி என்னை விட்டுவந்திருக்கிறாள், உமக்கு அக்கறை இல்லையா என்று கேட்கிறாள். விருந்தாளியிடமே போய்க் கேட்கிறாள் பாருங்கள்! இயேசு அவளை அதட்டவில்லை. "மார்த்தாளே, மார்த்தாளே" என்று இரண்டு தடவை பேர் சொல்லி அழைக்கிறார், "நீ அநேக காரியங்களைக்குறித்துக் கவலைப்பட்டுக் கலங்குகிறாய்" என்கிறார். வருகிற ஆட்களுக்கெல்லாம் சமைக்கிற பெண்ணைக் குட்டுவதற்கு இந்தப் பகுதியைப் பிரசங்கத்தில் எடுப்பவர்கள் உண்டு. எனக்கு அதில் உடன்பாடு இல்லை. அதே மார்த்தாள்தான் யோவான் 11:27-ல் "நீர் உலகத்தில் வருகிறவரான தேவகுமாரனாகிய கிறிஸ்து" என்று அறிக்கை செய்கிறாள். அடுத்த அதிகாரத்தில் பெத்தானியா விருந்தில் மறுபடியும் பணிவிடை செய்துகொண்டிருக்கிறாள். இந்தத் தடவை அவள் வாயிலிருந்தும் குறை இல்லை, அவளைப் பற்றியும் யாரும் குறை சொல்லவில்லை.

வீட்டு வேலைக்காரியின் கதையும் ஒன்று இருக்கிறது. ஆதியாகமம் 16-ல் ஆகார், எஜமானி சாராய் கடினமாக நடத்தியதால் வீட்டைவிட்டு ஓடிப்போகிறாள். வனாந்தரத்தில் ஒரு நீரூற்றண்டையில் அவளைக் கண்ட கர்த்தருடைய தூதன், "எங்கேயிருந்து வருகிறாய்? எங்கே போகிறாய்?" என்று கேட்கிறார். அதற்கு முன் அந்த வீட்டில் அவளிடம் யாரும் அப்படிக் கேட்டதாக வேதத்தில் இல்லை. அவள் கர்த்தருக்கு வைக்கிற பெயர், "நீர் என்னைக் காண்கிற தேவன்".

செய்ய வேண்டியது ரொம்பச் சின்னது. ஒரு நாளைக்கு ஒரு தடவை, மூன்று நான்கு வாக்கியம், வீட்டில் பேசுகிற தமிழிலேயே சொல்லுங்கள். "ஆண்டவரே, இன்னைக்கு எனக்குக் கோபமா இருக்கு. காலையிலிருந்து உட்காரலை. குழம்பில் உப்பு கம்மின்னு மட்டும்தான் சொன்னாங்க. நீங்களாவது பாத்தீங்கல்ல." இதுவே போதும், ஆமென். வீட்டில் மற்றவர்கள் விசுவாசத்தில் இல்லை, சத்தம் போட்டு ஜெபிக்க முடியாது என்றால் 1 சாமுவேல் 1-ல் அன்னாளைப் பாருங்கள். அவள் உதடுகள் மட்டும் அசைந்தன, சத்தம் கேட்கவில்லை. பார்த்துக்கொண்டிருந்த ஆசாரியன் ஏலி அவள் குடித்திருக்கிறாள் என்று நினைத்துவிட்டான். கர்த்தருக்குச் சரியாகவே கேட்டது.

3. ஒரே ஒரு வசனம், ஒரே ஒரு இடம்

ஒரு வருடத்தில் முழு பைபிளையும் முடிக்கும் அட்டவணையை இப்போது தொடாதீர்கள். பிப்ரவரியில் லேவியராகமத்தில் நின்றுபோய், அதற்கும் சேர்த்துக் குற்றவுணர்ச்சி வரும். ஒரு வாரத்துக்கு ஒரு வசனம் போதும்.

முதல் வசனமாக மத்தேயு 11:28-ஐ எடுத்துக்கொள்ளுங்கள்: "வருத்தப்பட்டுப் பாரஞ்சுமக்கிறவர்களே! நீங்கள் எல்லாரும் என்னிடத்தில் வாருங்கள். நான் உங்களுக்கு இளைப்பாறுதல் தருவேன்." கிழித்த காலண்டர் தாளின் பின்பக்கத்தில் பேனாவால் பெரிதாக எழுதி, மளிகை டப்பாக்கள் இருக்கிற அலமாரிக் கதவின் உட்பக்கம் ஒட்டுங்கள். அடுப்புக்கு நேரே ஒட்டினால் தாளித்த எண்ணெய் தெறித்து நாலே நாளில் எழுத்து போய்விடும். கடுகு எடுக்க, மல்லித்தூள் எடுக்க, டீத்தூள் எடுக்க என்று கதவைத் திறக்கும்போதெல்லாம் கண்ணில் படும். மனப்பாடம் செய்ய வேண்டும் என்று உட்காரவே தேவையில்லை.

கொஞ்சம் நேரம் கிடைக்கிற நாளில் சங்கீதம் 120 முதல் 134 வரை போங்கள். "ஆரோகண சங்கீதம்" என்று தலைப்பிட்ட பதினைந்து பாட்டுகள். 132-ஆம் சங்கீதம் ஒன்றுதான் கொஞ்சம் நீளம். மற்றவற்றில் எதையும் குக்கர் மூன்று விசில் அடிப்பதற்குள் வாசித்துவிடலாம். 131-ஆம் சங்கீதம் மூன்றே வசனம், அதில் "தாயின் பால்மறந்த குழந்தையைப்போல" என்று வருகிற வரியைப் பிள்ளைக்குப் பால் மறக்கடித்த தாய்மார்கள் வாசித்தால் அது தரும் அர்த்தமே வேறு. எழுத்து கூட்டி வாசிக்கச் சிரமப்படுபவர்களும், கண் எரிகிறவர்களும் கைபேசியில் ஆடியோ பைபிளைப் போட்டுவிட்டுக் காய் நறுக்கலாம். அதுவும் வாசிப்புதான்.

நேரத்தைப் பற்றி ஒரு வார்த்தை. காலை நாலு மணி ஜெபத்தைப் பற்றி நிறையச் செய்தி கேட்டிருப்பீர்கள். ராத்திரி இரண்டு மணிக்குப் பால் கொடுக்க எழுந்தவருக்கு நாலு மணி சரிப்படாது. இயேசு இருட்டோடே எழுந்து ஜெபித்தார் என்று மாற்கு 1-ல் இருப்பது உண்மை. அதே மாற்கு 4-ல் கப்பலின் பின்னணியத்தில் தலையணை வைத்து, புயலில்கூட எழாமல் அவர் தூங்கினார் என்றும் இருக்கிறது. உங்கள் வீடு அடங்குகிற பத்து நிமிடம் எதுவோ, அது மத்தியானம் இரண்டரை மணியாக இருந்தாலும், அதுவே உங்கள் நேரம்.

4. கை வேலை செய்யட்டும், மனம் பேசட்டும்

பதினேழாம் நூற்றாண்டில் பாரிஸ் நகரத்துக் கார்மேல் சபை மடம் ஒன்றில் சகோதரர் லாரன்ஸ் என்ற துறவி இருந்தார். முன்னாள் படைவீரர், ஒரு கால் ஊனம். மடத்தில் அவருக்குக் கொடுத்தது சமையலறை வேலை, அவருக்கோ இயல்பாகவே அந்த வேலை பிடிக்காது. பல வருடம் அதையே செய்தார். தனியாக மண்டியிடுகிற நேரம், பாத்திரங்களின் இரைச்சலுக்கு நடுவே நிற்கிற நேரம் என்று பிரிக்காமல் இரண்டிலும் கடவுளோடு பேசிக்கொண்டிருக்கப் பழகினார். இவரிடம் ஆலோசனை கேட்டும் ஆட்கள் வந்தார்கள். 1691-ல் இறந்தார். அவர் பாத்திரம் விளக்கிய கதை இன்றும் பேசப்படுகிறது.

இதை நம் வீட்டில் செய்வதற்கு ஒரு எளிய வழி: ஒரு வேலைக்கு ஒரு ஆள் என்று கட்டிவிடுங்கள். பள்ளிச் சீருடை மடிக்கும்போது அந்தப் பிள்ளைக்காக ஒரு வரி. மாமியாரின் மாத்திரை டப்பாவை நிரப்பும்போது அவருக்காக. டம்ளர் கழுவும்போது அதில் குடித்தவருக்காக. எல்லா வேலையையும் ஒரே நாளில் இப்படி மாற்ற முயன்றால் அதுவும் ஒரு சுமையாகிவிடும். ஒரு வேலையை மட்டும் எடுத்து, அது பழகிய பிறகு அடுத்ததற்குப் போங்கள். மனம் வராத நாளில் சும்மா கழுவிவிட்டு வாருங்கள், பாத்திரம் சுத்தமாகிவிடும்.

சமையல் சின்ன வேலை என்று தோன்றுகிற அன்றைக்கு யோவான் 21-ஐ வாசியுங்கள். உயிர்த்தெழுந்த இயேசு கரையில் கரிநெருப்பு போட்டு, மீன் சுட்டு, அப்பத்தையும் வைத்துக்கொண்டு, ராமுழுதும் வலைவீசிவிட்டு வந்த சீஷர்களை "வாருங்கள், போஜனம்பண்ணுங்கள்" என்று கூப்பிடுகிறார்.

ஒரு எச்சரிக்கையும் உண்டு. கொலோசெயர் 3:23, "எதைச் செய்தாலும், அதை மனுஷர்களுக்கென்று செய்யாமல், கர்த்தருக்கென்றே" என்ற வசனம் நம் மேல் அடிக்கடி எடுத்து வீசப்படும். பவுல் அதை வேலைக்காரர்களை நோக்கிச் சொன்னார், அவர்கள் உழைப்பைக் கர்த்தர் பார்க்கிறார் என்ற ஆறுதலாக. மூன்று வசனம் தள்ளி 4:1-ல் எஜமான்களிடம், நீதியும் செவ்வையுமானதைச் செய்யுங்கள் என்கிறார். இதையும் சேர்த்து வாசிக்கச் சொல்லுங்கள்.

5. பாரத்தைப் பகிருங்கள்

யாத்திராகமம் 18-ல் மோசே காலையிலிருந்து சாயங்காலம் மட்டும் ஒற்றை ஆளாக உட்கார்ந்து ஜனங்களுக்கு நியாயம் தீர்க்கிறார். மாமனார் எத்திரோ வந்து பார்த்துவிட்டு, "நீர் செய்கிற காரியம் நல்லதல்ல" என்கிறார். நீரும் தொய்ந்துபோவீர், ஜனங்களும் தொய்ந்துபோவார்கள், ஒருவராய்ச் செய்ய உம்மாலே கூடாது என்று சொல்லி, வேலையைப் பகிர்ந்துகொடுக்க வழியும் காட்டுகிறார். நம் வீடுகளில் இப்படி ஒரு மாமனார் வாய்த்தால் பாக்கியம். வாய்க்காவிட்டால் அந்த வேலையை நாமே செய்ய வேண்டியதுதான்.

நீதிமொழிகள் 31-ஐ அன்னையர் தினத்தில் வாசித்துவிட்டு நம்மைப் பார்ப்பார்கள். இருட்டோடே எழுகிற அந்தக் குணசாலியான ஸ்திரீ "தன் வேலைக்காரிகளுக்குப் படியளக்கிறாள்" என்று 15-ஆம் வசனத்தில் இருக்கிறது. அவளுக்கே ஆள் இருந்தது. கலாத்தியர் 6:9-ல் "நன்மைசெய்கிறதில் சோர்ந்துபோகாமல்" இருக்கச் சொல்வதற்கு முன்பே, 6:2-ல் ஒருவர் பாரத்தை ஒருவர் சுமக்கச் சொல்லியாயிற்று.

கேட்கிற முறை முக்கியம். "எனக்கு யாரு உதவி செய்றா இந்த வீட்ல" என்று கோபத்தில் சொன்னால் அது சண்டையில் முடியும். ஒரு குறிப்பிட்ட வேலையை, அமைதியான நேரத்தில், அவருடையதாகவே கொடுத்துவிடுங்கள்:

"என்னங்க, ராத்திரிப் பாத்திரம் இனி நீங்க பாத்துக்கோங்க. என்னால முடியலை."

"சொல்லியிருந்தா முன்னாடியே செஞ்சிருப்பேன்ல?"

இந்தப் பதிலுக்கு எரிச்சல் வரும், வரட்டும். பாத்திரம் கை மாறியதா என்பதுதான் கணக்கு. அவர் கழுவிய குக்கரில் பருப்பு ஒட்டியிருந்தால் முதல் மாதம் கண்டுகொள்ளாதீர்கள். ஆண்களுக்குச் சமையல் வராது என்ற பேச்சையும் நம்ப வேண்டாம். திருநெல்வேலிப் பக்கம் கோயில் அசன விருந்தில் அண்டா அண்டாவாகச் சோறும் குழம்பும் ஆக்குவது பெரும்பாலும் ஆண்கள்தான். பத்து வயதுப் பிள்ளை தன் தட்டைக் கழுவலாம், அதற்கு ஆண் பெண் வித்தியாசம் தேவையில்லை.

ஞாயிற்றுக்கிழமையையும் கொஞ்சம் பாருங்கள். ஆராதனை முடிந்து வந்து கறிக்குழம்பு, வறுவல், விருந்தாளி என்று வாரத்திலேயே கடினமான நாளாக அது ஆகிவிடுகிறது. ஓய்வுநாள் கட்டளையில் குமாரத்தி, வேலைக்காரி, மிருகஜீவன் வரை பேர் சொல்லி ஓய்வு கொடுத்திருக்கிறார்கள். மாட்டுக்குக் கிடைத்த ஓய்வு வீட்டம்மாவுக்கும் கிடைக்க வேண்டாமா? கறியைச் சனிக்கிழமையே வைத்துவிடலாம், அல்லது மாதத்தில் ஒரு ஞாயிறு தயிர்சாதமும் ஊறுகாயும் என்று வீட்டில் சொல்லிவிடலாம்.

இன்னொன்றைத் தனியாகச் சொல்ல வேண்டும். அடி, மிரட்டல், கைச்செலவுக்குக்கூடப் பணம் தராமல் வைத்திருப்பது எல்லாம் "சோர்வு" என்ற கணக்கில் வராது, பொறுமையால் சரியாகிற காரியமும் இல்லை. பெண்களுக்கான உதவி எண் 181. ஆகாரைக் கண்ட தேவன் உங்களையும் காண்கிறார் என்று சொல்பவர்கள் அந்த எண்ணையும் சேர்த்தே சொல்ல வேண்டும்.

6. ஒரு அக்காவைக் கண்டுபிடியுங்கள்

சி.எஸ்.ஐ. சபையில் பெண்கள் ஐக்கிய சங்கம், கத்தோலிக்கப் பங்கில் அன்பியம், மற்ற சபைகளில் பெண்கள் உபவாச ஜெபம் என்று எங்கேயும் ஒரு கூடுகை இருக்கும். போய் உட்காருங்கள், முதல் சில தடவை பேசக்கூட வேண்டாம். பிள்ளைகளை வளர்த்து முடித்த, சொன்னதை வெளியே சொல்லாத ஒருவர் யார் என்று கவனியுங்கள். கேட்ட ஜெபக் குறிப்பை "ஜெபிக்கணும், அதான் சொல்றேன்" என்று ஊருக்கே பரப்புகிறவர்கள் எல்லா சபையிலும் இருக்கிறார்கள், அவர்களிடம் வேண்டாம். ஆள் தெரிந்ததும், "அக்கா, வாரத்துல ஒரு நாள் போன்ல பத்து நிமிஷம் எனக்காக ஜெபிப்பீங்களா?" என்று நேராகக் கேளுங்கள். வயதில் மூத்த பெண்கள் இளையவர்களுக்குச் சொல்லித் தர வேண்டும் என்று தீத்து 2-லேயே இருப்பதால், அவர்களுக்கும் இது பிடித்த காரியமாகத்தான் இருக்கும்.

சபையின் பேரிலேயே வேலை கூடிவிடவும் கூடும். அறுப்பின் பண்டிகைக்குப் பலகாரம், வீட்டு ஜெபக் கூட்டத்துக்கு வடை, டீ, கிறிஸ்துமஸுக்கு முறுக்கு. உங்களிடம் தெம்பு இருந்தால் செய்யுங்கள். இல்லாவிட்டால், "இந்தத் தடவை முடியாதும்மா, பிஸ்கட் வாங்கித் தர்றேன்" என்று போதகரம்மாவிடம் சொல்லலாம். போகிறவர்களும் வருகிறவர்களும் அதிகமாகி, சாப்பிடவும் நேரமில்லாமல் போனபோது, "சற்றே இளைப்பாறும்படி போவோம் வாருங்கள்" என்று சீஷர்களை அழைத்தவரின் சபைதான் இது (மாற்கு 6:31).

முதல் மாதம் எதை வாசிப்பது

முதல் வாரம் 1 இராஜாக்கள் 19:1-8 மட்டும், அதே பகுதியைத் திரும்பத் திரும்ப. இரண்டாவது வாரம் சங்கீதம் 13, 121, 127, 131. மூன்றாவது வாரம் ஆதியாகமம் 16, யாத்திராகமம் 18, லூக்கா 10:38-42. நான்காவது வாரம் யோவான் 21. விட்டுப்போன நாளை ஈடுகட்ட மறுநாள் இரட்டிப்பாக வாசிக்க வேண்டாம், விட்ட இடத்திலிருந்து போங்கள். அதற்குமேல் வாசிக்க ஆசை வந்தால் ரூத்தின் புத்தகத்தை எடுக்கலாம், நான்கே அதிகாரம். ஒரு மருமகளும் மாமியாரும் பஞ்சத்தையும் சாவையும் தாண்டிச் சேர்ந்து பிழைத்த கதை. மாமியாரையும் பக்கத்தில் உட்கார வைத்துச் சத்தமாக வாசிக்கலாம்.